பிறப்பு நிறையும் குருதிக் கொழுப்பும்

சென்ற வருடம் எங்கள் ராத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வைத்தியசாலையில் கொடுத்த இளஞ்சிவப்பு நிறப் பிள்ளை சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பிறப்பு நிறை என்ற இடத்தில் 2.3 கிலோகிராம் என்று எழுதியிருந்தது. உம்மம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "சின்னனாப் பொறந்தா என்ன, நாப்பது முடியிறத்துக்குள்ள கொழுகொழுண்டு ஆக்கிப் போடுவன்" என்றார்.

அதே கிழமைதான் வாப்பாவின் குருதிப் பரிசோதனை அறிக்கையும் வந்திருந்தது. கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது, சீனி வருத்தமும் ஆரம்பிக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வாப்பா மெலிந்த மனிதர். "என்ர உடம்பில எங்க கொழுப்பு இரிக்கி?" என்று சேட்டைத் தூக்கிக் காட்டினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, "அப்ப பாப்பாவுக்கும் கொலஸ்ட்ரோல் இரிக்குமா?" என்று கேட்டான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. விடையைத் தேடிப் படித்தபோதுதான் ஒன்று விளங்கியது. குழந்தையின் பதிவேட்டில் இருந்த 2.3 என்ற எண்ணும், மெலிந்த வாப்பாவின் அறிக்கையில் இருந்த எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை அல்ல. நான் படித்து அறிந்ததை என் தோழிகளோடும் அவர்களின் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

குருதியில் கொழுப்பு எதற்கு?

கொழுப்பு என்றவுடன் நமக்குப் பயம் வருகிறது. ஆனால் கொழுப்பு இல்லாமல் உயிர் இல்லை. நமது உடலின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றியுள்ள மென்சவ்வில் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. மூளையும் நரம்புகளும் வளர அது வேண்டும். பல ஓமோன்கள் அதிலிருந்துதான் ஆக்கப்படுகின்றன. ட்ரைகிளிசரைட் என்பது இன்னொரு வகைக் கொழுப்பு. நாம் உண்ணும் எண்ணெயும் உடலில் சேமிக்கப்படும் கொழுப்பும் பெரும்பாலும் இந்த வகைதான். தேவைப்படும்போது எரித்துச் சக்தி பெறுவதற்காக உடல் அதை வைத்திருக்கிறது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. அதுபோலக் கொழுப்பும் குருதியில் தானாகக் கரைந்து ஓடாது. ஆகவே புரதத்தோடு சேர்ந்து சிறு பொதிகளாகப் பயணம் செய்கிறது. அவற்றில் எல்.டி.எல். என்ற பொதி கொலஸ்ட்ரோலை உடலின் பல பாகங்களுக்கும் கொண்டுசெல்கிறது. அது அளவுக்கு மீறினால் நாடிகளின் சுவரில் படிகிறது. எச்.டி.எல். என்ற பொதி மிஞ்சிய கொலஸ்ட்ரோலை ஈரலுக்குத் திருப்பி எடுத்துவருகிறது. வைத்தியர்கள் ஒன்றைக் கெட்டது என்றும் மற்றதை நல்லது என்றும் சொல்வது இதனால்தான்.

பிறந்த குழந்தையின் குருதியில் எவ்வளவு?

தம்பியின் கேள்விக்கு முதல் விடை: ஆம், பிறந்த குழந்தையின் குருதியிலும் கொலஸ்ட்ரோல் உண்டு. ஆனால் மிகக் குறைவு. வளர்ந்த ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரோல் ஒரு டெசிலீற்றர் குருதியில் 200 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது நல்லது என்பார்கள். அப்போது பிறந்த குழந்தைக்கு அது ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிகிராம் வரைதான். எல்.டி.எல். 30 மில்லிகிராம் அளவில் நிற்கும். வளர்ந்தவர்களின் கொலஸ்ட்ரோலில் பெரும் பங்கை எல்.டி.எல். சுமக்கிறது. குழந்தையிலோ பாதியளவை எச்.டி.எல். சுமக்கிறது.

இதை அறியக் குழந்தைக்கு ஊசி குத்த வேண்டியதில்லை. குழந்தை பிறந்து தொப்புள்கொடியை வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடியின் பக்கம் எஞ்சியிருக்கும் கொடியில் குழந்தையின் குருதி நிற்கும். ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்துத்தான் அளக்கிறார்கள். புதைப்பதற்காகக் கொண்டுபோகும் ஒன்றிலிருந்து இவ்வளவு செய்தியைப் பெற முடிகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

கருவறைக்குள் கொழுப்புப் போகும் வழி

நஞ்சுக்கொடியை நமது பாடப்புத்தகம் சூல்வித்தகம் என்கிறது. தாயின் குருதியும் சிசுவின் குருதியும் அங்கே கலப்பதில்லை. இடையில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டு. குளுக்கோசு அதை இலகுவாகக் கடந்துவிடும். ட்ரைகிளிசரைட் அப்படியே கடக்காது. நஞ்சுக்கொடியில் உள்ள நொதியங்கள் அதைக் கொழுப்பமிலங்களாக உடைத்த பிறகுதான் அவை சிசுவின் பக்கம் போகும். கொலஸ்ட்ரோலில் ஒரு பங்கைத் தாயிடமிருந்து பெற்றாலும், பெரும்பகுதியைச் சிசு தானே ஆக்கிக்கொள்கிறது.

இதற்காகவே கர்ப்ப காலத்தில் தாயின் குருதிக் கொழுப்பு இயல்பாகவே உயர்கிறது. கடைசி மாதங்களில் ட்ரைகிளிசரைட் வழமையைவிட இரண்டு மூன்று மடங்காகக் கூடும். அது நோயல்ல. சிசுவுக்காக உடல் செய்யும் ஆயத்தம். கடைசி மூன்று மாதங்களில்தான் சிசு தன் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்க்கிறது. பிறந்த பின் குளிரைத் தாங்கவும், பால் நன்றாகச் சுரக்கும்வரை தாக்குப்பிடிக்கவும் அந்தச் சேமிப்பு உதவுகிறது.

சிறிய குழந்தையும் பெரிய குழந்தையும்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். குழந்தையின் உருவ அளவுக்கும் அதன் குருதிக் கொழுப்புக்கும் என்ன தொடர்பு?

சிறிய குழந்தையின் குருதியில் கொழுப்புக் குறைவாகவும் பெரிய குழந்தையில் கூடுதலாகவும் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. மாதம் நிறைந்து பிறந்தும் சிறிதாக உள்ள குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் ட்ரைகிளிசரைட் கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கொலஸ்ட்ரோலைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்வதில்லை. ட்ரைகிளிசரைட் விடயத்தில்தான் சாட்சி வலுவானது.

காரணம் என்ன? சந்தையில் நெல் வந்து குவிகிறது, ஆனால் வைக்கக் களஞ்சியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் தெருவில்தான் கிடக்கும். போசாக்குக் குறைந்த சிசுவின் உடலில் கொழுப்பை எடுத்துச் சேமிக்கும் இழையம் போதிய அளவு வளர்வதில்லை. குருதியிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுக்கும் நொதியத்தின் வேலையும் மந்தமாகவே இருக்கிறது. ஆகவே கொழுப்பு குருதியிலேயே தங்குகிறது. உடல் சிறியது, ஆனால் குருதியில் கொழுப்பு மிச்சம்.

மறுபக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவுள்ள தாயின் குழந்தை. தாயின் குருதியிலுள்ள அதிக குளுக்கோசு சிசுவுக்குப் போகிறது. சிசுவின் சதையி அதற்கு ஈடாக இன்சுலினைக் கூட்டுகிறது. மிஞ்சிய குளுக்கோசு கொழுப்பாக மாறுகிறது. தாயின் ட்ரைகிளிசரைட் கூடக்கூட அத்தகைய குழந்தையின் நிறையும் கூடுகிறது. நான்கு கிலோவுக்கு மேலே குழந்தை பிறந்தால் நம் ஊரில் எல்லோரும் சந்தோசப்படுவோம். ஆனால் அது எப்போதும் ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல. மிகச் சிறியதும் மிகப் பெரியதும் ஆகிய இரண்டு பக்கத்திலும் கவனம் வேண்டும்.

ஐம்பது வருடங்களுக்குப் பிறகு தெரிந்த கணக்கு

பிறந்த நாளில் எடுத்த நிறை, முதுமையில் வரும் இருதய நோயைப் பற்றி ஏதும் சொல்லுமா? இங்கிலாந்தின் ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல், எதெல் மார்கரட் பேர்ன்சைட் என்ற பெண்மணியின் மேற்பார்வையில், மருத்துவிச்சிகளும் சுகாதாரத் தாதியரும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். பல பத்து வருடங்களின் பின் டேவிட் பார்க்கர் என்ற வைத்தியப் பேராசிரியர் அந்தப் பதிவேடுகளைத் தேடி எடுத்தார். 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் விபரங்களை அவரது குழு ஆராய்ந்து 1989இல் வெளியிட்டது. பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்தவர்களே இருதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு ஒரு துப்பு ஷெஃபீல்ட் நகரிலிருந்து கிடைத்தது. அங்குள்ள ஒரு பிரசவ வைத்தியசாலையில் குழந்தையின் நிறையோடு தலையின் சுற்றளவையும் வயிற்றின் சுற்றளவையும் அளந்து எழுதும் வழக்கம் இருந்தது. அங்கு பிறந்து ஐம்பது வயதை எட்டிய 219 பேரின் குருதியைப் பார்க்கர் குழுவினர் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது வயிற்றின் சுற்றளவு குறைந்திருந்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரோலும் எல்.டி.எல்.உம் கூடியிருந்தன.

பிறந்த குழந்தையின் வயிற்றில் பெரும் இடத்தைப் பிடிப்பது ஈரல். கொலஸ்ட்ரோலை ஆக்குவதும், குருதியிலிருந்து அதை அகற்றுவதும் ஈரல்தான். போசாக்குக் குறையும்போது சிசுவின் உடல் மூளையைக் காப்பாற்றுவதற்காகக் குருதியை அந்தப் பக்கம் திருப்புகிறது. பஞ்ச காலத்தில் வீட்டுத் தலைவி இருப்பதைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் பசி கிடப்பதைப் போன்றது இது. அப்படி விட்டுக்கொடுக்கும் உறுப்புகளில் ஈரல் ஒன்று. வளர வேண்டிய நேரத்தில் வளராத ஈரல், வாழ்நாள் முழுதும் கொழுப்பைக் கையாள்வதில் பின்தங்கக்கூடும் என்பதே அவர்களின் விளக்கம்.

மைசூரிலும் பூனேயிலும்

இது வெள்ளைக்காரர்களின் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். பக்கத்து நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வர்த் ஞாபகார்த்த வைத்தியசாலையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு அளவுகள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கு பிறந்த 517 பேரைத் தேடிப் பரிசோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 2.5 கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இருதய நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 100க்கு 3 பேருக்குத்தான் இருந்தது.

இதைவிட முக்கியமானது பூனே நகருக்கு அண்மையிலுள்ள ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வு. பூனே கே.ஈ.எம். வைத்தியசாலையின் வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அதை நடத்தினார். வயலில் பாடுபடும் மெலிந்த தாய்மார். கர்ப்பத்துக்கு முன் அவர்களின் சராசரி நிறை 42 கிலோவுக்குக் கிட்டத்தான் இருந்தது. அவர்களின் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பூனேக் குழந்தையின் சராசரி நிறை 2.7 கிலோ. சவுதாம்ப்டன் குழந்தைக்கு 3.5 கிலோ. பூனேக் குழந்தைகளின் வயிறும் கையும் மிகச் சிறுத்திருந்தன. அதாவது உள்ளுறுப்புகளும் தசையும் குறைவு. ஆனால் முதுகுத் தோலை மடித்து அளந்தபோது கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த குழந்தைக்குள் மறைந்திருக்கும் கொழுப்பு! ஆய்வாளர்கள் இதனை 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்று அழைத்தார்கள்.

யாஜ்னிக்கும் அவருடைய லண்டன் நண்பர் வைத்தியர் ஜோன் யட்கினும் 2004இல் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற நிறை, அதாவது உடல் திணிவுச் சுட்டி, ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம். யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். வெளித்தோற்றத்தில் இருவரும் மெலிந்தவர்கள். இதைப் படித்தபோது சேட்டைத் தூக்கிக் காட்டிய வாப்பாவின் நினைவுதான் எனக்கு வந்தது. அவர் எத்தனை கிலோவில் பிறந்தார் என்று வாப்பும்மாவுக்கும் தெரியாது. அந்த நாளில் வீட்டில்தான் பிரசவம், நிறுப்பார் யாரும் இல்லை.

நிறை மட்டும் முழுக் கணக்கல்ல

வட்டைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். கதிர் நீளமாக இருந்தாலும் கையில் உருவிப் பார்த்தால்தான் மணியா பதரா என்று விளங்கும். பிறப்பு நிறையும் அப்படித்தான். அது ஓர் அடையாளம். உள்ளே நடந்தது முழுவதையும் அது சொல்லாது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிப் பனிக்காலத்தில், 1944 நவம்பர் முதல் 1945 மே வரை, நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் நிலவியது. அந்த மாதங்களில் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இருந்த தாய்மாரின் வயிறு காய்ந்தது. போர் முடிந்ததும் உணவு கிடைத்ததால் அவர்களின் குழந்தைகள் சாதாரண நிறையோடே பிறந்தன. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு ஐம்பது வயதானபோது, அவர்களின் குருதியில் கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. தாய் தான் கர்ப்பம் என்று அறிவதற்கு முன்பே, சிசுவின் ஈரலும் இருதயமும் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. ஏழாம் மாதத்தில் பழமும் பாலும் வாங்கிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அது கொஞ்சம் பிந்திய வேலை.

பிறந்த பின் செய்யும் பிழை

சிறிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்ததும் கொழுக்க வைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இங்குதான் நிதானம் தேவை.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தாய்ப்பாலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. கொலஸ்ட்ரோலும் அதில் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் கொலஸ்ட்ரோல், மாப்பால் குடிக்கும் குழந்தையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் வளர்ந்த பின் அவர்களுக்கே சற்றுக் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிறு வயதிலேயே கொழுப்பைக் கையாள உடல் பழகிக்கொள்கிறது போலும். இரண்டு வருடங்கள் பாலூட்டுவதைப் பற்றி அல்குர்ஆன் பேசுவதை நாம் அறிவோம். இன்றைய சுகாதாரத் துறையும் இரண்டு வருடமும் அதற்கு மேலும் என்றுதான் சொல்கிறது.

அடுத்த கட்டம் இரண்டு வயதுக்குப் பின். புதுடில்லியில் 1969க்கும் 1972க்கும் இடையில் பிறந்த 1,492 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து நிறுத்து அளந்து வந்தார்கள். 2004இல் வெளியான முடிவு இது: குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் விரைவாகக் கொழுத்தவர்களுக்கே இளவயதில் நீரிழிவு அதிகமாக வந்திருந்தது. அவர்கள் பார்வைக்குக் குண்டுப் பிள்ளைகள் அல்ல. தம் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடச் சாதாரணமாகவே இருந்தார்கள். ஆனால் அந்த வேகத்தை அவர்களின் உடல் தாங்கவில்லை.

ஆகவே சிறிதாகப் பிறந்த பிள்ளை முதல் இரண்டு வருடங்களில் நன்றாக வளர வேண்டும். உயரமும் தசையும் கூட வேண்டும். கிரீம் பிஸ்கட்டும் பக்கட் ஜூஸும் டிப்பி டிப்பும் கொடுத்து உருட்டி எடுப்பது வளர்ச்சி அல்ல. குடும்பநல மாது பதிவேட்டில் வரையும் கோடு மெல்ல மெல்லத் தன் பாதையில் ஏறினால் போதும்.

நம் ஊரில், நம் வீட்டில்

இலங்கையில் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் நிறை குறைந்த குழந்தை என்று கணக்கிடுகிறார்கள். நாட்டில் ஆறு ஏழு குழந்தைகளுக்கு ஒன்று அப்படிப் பிறக்கிறது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் நமக்குச் சோற்றுக்கும் மீனுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

பூனே ஆய்விலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அந்தத் தாய்மார் எவ்வளவு சோறு அல்லது ரொட்டி சாப்பிட்டார்கள் என்பதைவிட, பச்சை இலைக்கறியும் பழமும் பாலும் எத்தனை தடவை சாப்பிட்டார்கள் என்பதே குழந்தையின் அளவோடு கூடுதலாகப் பொருந்தியது. கோப்பை நிறையச் சோறு மட்டும் போதாது என்பது இதன் கருத்து. முருங்கையிலை வேலியில் நிற்கிறது. பொன்னாங்காணியும் வல்லாரையும் சந்தையில் மலிவு. கீரி மீனும் சாளையும் நமது கடல் தருவது. அவற்றிலுள்ள கொழுப்பு சிசுவின் மூளைக்கு நல்லது. கொய்யாப்பழமும் பப்பாசிப்பழமும் நமது வளவில் காய்க்கின்றன. கர்ப்பிணி பப்பாசி சாப்பிடலாமா என்று பெரியவர்கள் யோசிப்பார்கள். பழுத்த பழம் வேறு, பால் வடியும் காய் வேறு. காயைத் தவிர்ப்பது நல்லது.

நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும்.

சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்போம். தேயிலையிலுள்ள பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். இலைக்கறியில் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசை குமட்டுகிறது என்று அலுமாரியில் வைத்துவிடாமல், எந்த நேரத்தில் குடித்தால் தாங்கும் என்று குடும்பநல மாதுவிடம் கேட்க வேண்டும்.

திரிபோஷ கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் என்று 1973 முதல் நாட்டில் கொடுக்கப்படுகிறது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. அதை உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு வைக்கும்போது, யாருக்காக வந்ததோ அவருக்கு ஓர் உருண்டைதான் மிஞ்சும்.

'கூடச் சாப்பிட்டாப் பிள்ளை பெருத்திரும், பிரசவம் கஸ்டம்' என்று சொல்லிக் கர்ப்பிணியின் கோப்பையைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பின் மிஞ்சியதைச் சாப்பிடும் உம்மாமார் அதைவிட அதிகம். மீன் நடுத்துண்டு யாருடைய கோப்பைக்குப் போகிறது என்று இன்று பகல் பார்த்தாலே விளங்கும்.

நோன்பு காலத்தில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உடல்நிலையை வைத்தியரிடமும், களாச் செய்யும் முறையை உலமாக்களிடமும் கேட்டு நடந்தால் பிழை வராது.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் பிடிக்கும் சிகரட்டின் புகை கர்ப்பிணியின் குருதிக்குள்ளும் போகிறது. அது குழந்தையின் நிறையைக் குறைக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட உண்மை.

இது விதி அல்ல

இதையெல்லாம் படித்துவிட்டு, சிறிதாகப் பிறந்த பிள்ளைக்கு நோய் நிச்சயம் என்று யாரும் பயப்படக் கூடாது. மைசூரில் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களிலும் 100க்கு 89 பேருக்கு இருதய நோய் இருக்கவில்லை. பிறப்பு நிறை ஒரு காரணம் மட்டுமே. பரம்பரை, உணவு, உடற்பயிற்சி, புகைத்தல் எல்லாம் சேர்ந்தே முடிவாகிறது. தொப்புள்கொடிக் குருதியைச் சோதிக்கச் சொல்லி வைத்தியசாலையில் கேட்கவும் தேவையில்லை. அது ஆய்வுக்கானது. பரம்பரையாக மிக அதிக கொலஸ்ட்ரோல் உள்ள குடும்பம் என்றால் மட்டும் வைத்தியரிடம் சொல்லி வைப்பது நல்லது. சிறிதாகப் பிறந்தவர்கள் வளர்ந்த பின், மெலிந்திருந்தாலும், நேரத்துக்குக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 'நான் மெலிவு, எனக்கு வராது' என்ற பேச்சை விட வேண்டும்.

தோழிகளுக்கு

கடைசியாக என் வயதுத் தோழிகளுக்கு. உயிரியல் பாடத்தில் படித்த ஒரு விடயத்தை நினைவுபடுத்துகிறேன். ஒரு பெண்ணின் முட்டைக் கலங்கள் அவள் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. நான் எந்தக் கலத்திலிருந்து வந்தேனோ அது என் உம்மாவுக்குள், அவர் உம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே இருந்தது. உம்மம்மா அந்த நாளில் சாப்பிட்டதிலும் பட்டினி கிடந்ததிலும் எனக்கும் பங்கு உண்டு.

நம்மில் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பாடசாலைக்கு வருகிறோம். இடைவேளையில் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. மெலிய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டையும் விடுபவர்கள் இருக்கிறார்கள். பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போடுபவர்களும் இருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். இந்த வயதில் நமது சொந்த உடலே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முடியும் முன் ஒருத்தி தாயானால், அவளும் அவளது சிசுவும் ஒரே கோப்பைக்குப் போட்டி போட வேண்டி வரும். மிக இளவயதுத் தாய்மாருக்கு நிறை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதைப் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டும்.

நமது ஊர்களில் பெண் பிள்ளை பிறந்தவுடனேயே வாப்பா வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். காணி வாங்கி, கல் வாங்கி, வெளிநாட்டில் உழைத்து, கடன் பட்டு, பத்துப் பதினைந்து வருடங்களில் மகளுக்கென்று ஒரு வீட்டை எழுப்புவார். அந்த வீட்டில்தான் பேரப்பிள்ளை வளரும். ஆனால் அந்தப் பேரப்பிள்ளையின் முதல் வீடு மகளின் உடல். அதற்கு அத்திவாரம் போடும் வயது இதுதான். அதற்குக் கடன் பட வேண்டியதில்லை. ஒரு முட்டை, ஒரு பிடி இலைக்கறி, ஒரு துண்டு மீன், ஒரு பழம், நேரத்துக்கு ஒரு குளிசை.

ராத்தாவின் மகளுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. கொழுகொழுவென்று இல்லை. பதிவேட்டில் கோடு தன் பாதையில் மெதுவாக ஏறுகிறது. உம்மம்மாவுக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனக்குறைதான். ஆனால் போன கிழமை முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு, "இது பாப்பாவுக்கு மட்டுமில்ல மகள், நீயும் சாப்பிடு" என்றார்.